ஜன்னலோர மந்திரம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் தவறாமல் நடக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போடுவார்கள். அதுதான் ரயில் பெட்டி. ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பி, "வாவ், வாட் எ பியூட்டிஃபுல் வியூ!" என்பார். எதிரே இருப்பவர், "எஸ், இட்ஸ் காட்ஸ் கிஃப்ட்" என்று ஆமோதிப்பார். பிறகு ஒருவர் மலையைச் சொல்ல, மற்றவர் அருவியைச் சொல்ல, இருவரும் சேர்ந்து மேகத்தைச் சொல்லி முடிப்பார்கள். வகுப்பு கைதட்டும். அடுத்த ஜோடி வந்து உட்கார்ந்து அதே சுவரை அதே சொற்களால் வியக்கும்.

இதில் குற்றம் காண என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு வாய் திறக்க ஒரு பொருள் வேண்டும். அது யாரையும் புண்படுத்தாததாக இருந்தால் நல்லது. பயணத்தில் பார்க்கும் இயற்கைக் காட்சியைவிடச் சண்டை வராத பொருள் வேறு எது? அதில் சாதி இல்லை, மதம் இல்லை, கட்சி இல்லை, கூலி இல்லை. என் குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இவை எல்லாமே இருக்கும் ஓர் இடத்தைக் காட்டி, எதுவுமே இல்லாததுபோலப் பேச இளைஞர்களைப் பழக்குகிறோம். பார்ப்பதற்கு முன்பே புகழக் கற்றுக்கொடுக்கிறோம். ஒருவர் புகழ்ந்தால் மற்றவர் ஆமோதிக்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுக்கிறோம். பொருள் தெரியாமல் ஓதப்படும் மந்திரத்தை நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்ட பகுத்தறிவு மரபு நம்முடையது. வடமொழியில் ஓதினால் கேட்போம், ஆங்கிலத்தில் ஓதினால் கைதட்டுவோம் என்பது நேர்மையாகாது.

எனக்கு ஆங்கிலத்தின் மேல் பகை கிடையாது. வீட்டிலும் ஆங்கிலம் பேசிப் பழகுங்கள் என்று தமிழர்களிடம் துணிந்து சொன்னவர் பெரியார். புராணச் சுமை இல்லாமல் அறிவியலும் உலகச் செய்தியும் நேராக வந்து சேரும் வழி என்றுதான் அவர் அந்த மொழியைப் பார்த்தார். கேள்வி கேட்பதற்காக வேண்டிய மொழி அது. அந்த மொழியை எடுத்துக்கொண்டு போய், தலையாட்டுவதற்கும் மெய்சிலிர்ப்பதற்கும் மட்டும் பழக்கினால், கருவியை வாங்கிப் பூஜை அறையில் வைத்த கதைதான்.

மந்திரத்தின் சொற்களைப் பொருளோடு ஒட்டிப் பார்ப்போம். இந்தப் பயிற்சிகளில் அடிக்கடி வரும் ஊர் ஊட்டி என்பதால் அங்கேயே போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் பாதை வந்தது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். செங்குத்தான பகுதியில் பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். காய்ச்சலும் காட்டு விலங்கும் நிறைந்த சரிவில் பாறையைக் குடைந்தவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வீட்டுக்குப் போனார்கள் என்று எந்த உரையாடல் பயிற்சியும் கேட்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லும் பயிற்சி, அந்த ஜன்னல் அங்கே எப்படி வந்தது என்று கேட்க விடுவதில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஏரியைக் காட்டி 'நேச்சர்' என்கிறோம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய செயற்கை ஏரி அது. ஓங்கி நிற்கும் தைல மரங்களைக் காட்டி 'நேச்சர்' என்கிறோம். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை அவை. குளிர்காயவும் அடுப்பெரிக்கவும் விறகு வேண்டும் என்று நட்டார்கள். சீகை எனப்படும் வாட்டில் மரமும் அங்கிருந்தே வந்தது. தாவரவியல் பூங்கா 1848இல் போட்ட திட்டம். தேயிலையின் பூர்வீகம் சீனம். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக்கின் பூர்வீகம் மறுபடியும் ஆஸ்திரேலியா. இவை வருவதற்கு முன்னால் அந்த மலையில் இருந்தவை சோலைக் காடும் அதைச் சூழ்ந்த புல்வெளியும். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. மரம் இல்லாத புல்வெளி வருவாய்க் கணக்கில் வெறும் நிலமாகத் தெரிந்தது. வெறும் நிலத்தில் எதையும் நடலாம். நட்டார்கள். மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும் புல்வெளி போய், வரிசை வரிசையாக மரம் வந்தது.

ஆக, ஊட்டியைப் பார்த்து 'இயற்கை' என்று மாணவர் சுட்டுகிற அநேகமாக ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முடிவு செய்து, யாரோ ஒருவர் கூலிக்கு வெட்டி, யாரோ ஒருவர் இடத்தை இழந்து உண்டானது. அதனால் அது அழகில்லை என்று நான் சொல்லவில்லை. பனி விலகும்போது குன்னூர்ச் சரிவு அழகாகத்தான் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். அழகாக இருக்கிறது என்று உணர்வது வேறு, இயற்கை தந்தது என்று தீர்ப்புச் சொல்வது வேறு. முன்னது உணர்ச்சி, பின்னது ஒரு தகவல், தவறான தகவல். தவறான தகவலைச் சரளமாகச் சொல்லப் பழகுவதற்குக் கல்வி என்று பெயர் வைக்க முடியாது.

தேயிலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி ஏடுகளின் செல்லப் பிள்ளை அதுதான். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல என்று தமிழிலும் எழுதுகிறோம், ஆங்கிலத்திலும் சொல்கிறோம். அந்தக் கம்பளம் ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது? தேயிலை தானாக வளர்ந்தால் மரமாகிவிடும். ஆளுயரத்தைத் தாண்டி உயரும். பறிப்பவரின் இடுப்பு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். பிறகு வாரா வாரம் கொழுந்து கிள்ளக் கிள்ள மேற்பரப்பு தட்டையாகிறது. நாம் கண்டு மயங்கும் அந்தச் சமதளம், பெண்களின் கைகள் ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் போய்வந்ததால் உண்டான தளம். செடிகளுக்கு நடுவே கோடு கோடாகத் தெரிவது அவர்கள் நடக்கும் தடம். மழைக்காலத்தில் அந்தத் தடத்தில் அட்டை இருக்கும். முதுகில் கூடை, இடுப்பில் நனையாமலிருக்கச் சுற்றிய பிளாஸ்டிக் படுதா, எடை போடும் இடத்தில் வாக்குவாதம். ஜன்னலோர உரையாடலில் அந்தப் பெண்கள் வருவதானால், தூரத்தில் வண்ணப் புள்ளிகளாக வருவார்கள். படத்துக்கு அழகு சேர்ப்பதற்காக.

2015 செப்டம்பரில் மூணாறில் அந்தப் புள்ளிகள் சாலைக்கு வந்து உட்கார்ந்தன. போனஸைக் குறைத்ததை எதிர்த்து, கூலியை உயர்த்தக் கேட்டு, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களாக இருந்த தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டுத் தாங்களே பேசினார்கள். பெண்பிள்ளை ஒருமை என்பது அந்த எழுச்சியின் பெயர். விடுமுறைக்கு வந்தவர்களின் வண்டிகள் சாலையில் நின்றன. காட்சியின் ஒரு பகுதியாக இருந்தவர்கள் வாய் திறந்து பேசியபோதுதான் அவர்கள் அங்கே வசிக்கிறார்கள் என்பதே பலருக்கு நினைவு வந்தது.

இனி 'காட்ஸ் கிஃப்ட்'. பகுத்தறிவாளர்கள் இதை வழக்குச் சொல் என்று விட்டுவிடக் கூடாது. மலையைக் கடவுள் கொடுத்தார் என்றால் மலையை மாற்றியவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அழகைக் கடவுள் பேரில் எழுதிப் பழகிய வாய், அழிவு வரும்போது அதையும் கடவுள் பேரில்தான் எழுதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், குழந்தைகள் உட்பட. வரையாடு பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரும் இரவிகுளத்துக்குப் பக்கத்து இடம் அது. அந்த இரவு நடந்தது வெளியே தெரிய மறுநாள் காலை ஆனது. இலங்கையில் 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் இதேபோல லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது, குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அங்கே முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மழை பெய்தது வானத்திலிருந்துதான். ஆனால் லயத்தைச் சரிவின் அடியில் கட்டியது வானம் செய்த காரியம் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் வைத்ததும், கைமாற்றமுடியாத அந்த வரிசை வீட்டிலேயே அவர்களை இருத்தியதும் மனிதர்கள் செய்தவை.

பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாகப் பதுளைக்குப் போகும் ரயிலில் இன்று உலகமே வந்து தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறது. அந்தப் படங்களில் தெரியும் மலைகளில் உழைத்தவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது என்பதை, அந்த ரயிலைப் பற்றி வரும் ஆங்கிலப் பேச்சுகளில் நான் கேட்டதில்லை.

காட்சியை இப்படி ஆளில்லாமல் பார்க்கும் பார்வை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770 கோடையில் வை ஆற்றில் படகில் போய்ப் பார்த்ததை 1782இல் புத்தகமாக வெளியிட்டார். ஊரைச் சுற்றுகிறவர் எதை, எந்தக் கோணத்தில், ஓவியம்போல் பார்க்க வேண்டும் என்று விதி வகுத்த புத்தகம். இடிந்து கிடந்த டின்டர்ன் மடாலயத்தின் சுவர் முகடுகள் மிகச் சீராக இருக்கின்றன, ஒரு சுத்தியலால் அங்கங்கே தட்டிவிட்டால் அழகு கூடும் என்று எழுதினார். அந்தக் காலத்துப் பயணிகள் கறுத்த, வளைந்த ஒரு சிறு கண்ணாடியைக் கையில் எடுத்துப் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் என்பவரின் பெயர் அதற்கு. மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் சிறிதாகி இருண்டு தெரியும் மலையைப் பார்த்து மகிழ்வார்கள்.

ஆனால் கில்பினே அந்த மடாலயத்தில் ஒரு காட்சியைப் பதிந்து வைத்திருக்கிறார். அதற்காக அவரை மதிக்கிறேன். இடிபாடுகளுக்கு நடுவே குடிசை போட்டு ஏழைகள் வாழ்ந்தார்கள். வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக் காசு கேட்பார்கள். கைகால் விளங்காமல் ஊர்ந்து நடந்த ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அவர்களை அழைத்துப் போனாள். முட்செடிகளைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், ஈரம் கசியும் ஒரு பொந்து. அதுதான் அவள் வீடு. அவளிடம் காட்ட வேறு எதுவும் இல்லை, சொல்லவும் தான் படும் பாட்டைத் தவிர வேறு கதை இல்லை என்று கில்பின் எழுதுகிறார். அரை மைல் தூரத்தில் இரும்பு உலைகள் இரைந்துகொண்டிருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மடாலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் வகுப்பறை நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்திருப்பது அந்த மிச்சம்தான்.

விட்டுவிடுவது ஒரு வகை. அப்புறப்படுத்துவது இன்னொரு வகை. டார்செட் பகுதியில் மில்டன் பிரபு தன் மாளிகைக்கு அருகே இருந்த ஊர் பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த ஊரையே இடித்து, மக்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில் புது வீடுகளுக்கு மாற்றினார். மில்டன் அபாஸ் என்ற அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கிராமம் இன்று அதன் அழகுக்காகவே சுற்றுலாத் தலம்! இயற்கை அழகைப் பாடிய வேர்ட்ஸ்வொர்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1844இல், அரசவைக் கவிஞராக, எழுபத்துநான்கு வயதில், ஏரி மாவட்டத்துக்குள் விண்டர்மியர் நோக்கி ரயில் வருவதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மலையையும் ஏரியையும் ரசிக்கும் உணர்வு பிறப்பில் வருவதில்லை, படிப்பாலும் பழக்கத்தாலும் மெல்ல வருவது. ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலில் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கும் பயனில்லை, இடத்துக்கும் கேடு என்பது அவர் வாதம். ரயில் 1847இல் வந்துவிட்டது. அந்த வாதம் மட்டும் சாகவில்லை. ரசிப்பது மேல்தட்டின் அடையாளம் என்ற நினைப்பாக அது பிழைத்திருக்கிறது. நம் மாணவர் ஜன்னலைப் பார்த்து ஆங்கிலத்தில் வியக்கப் பழகும்போது, உண்மையில் பழகுவது ஒரு வகுப்பைச் சேர்ந்தவர்போலத் தோன்றுவதற்கு. வேர்ட்ஸ்வொர்த் ரயிலில் ஏற்ற வேண்டாம் என்று சொன்ன மனிதர்களின் நிலையில் இருந்தவர்கள்தான் அந்த மாணவரின் தாத்தாவும் பாட்டியும்.

ஆங்கிலத்துக்குள்ளேயே இதை எதிர்த்த குரல்களும் உண்டு. ஜான் ரஸ்கின் 1856இல், ஏழையின் இடிந்த வீட்டைப் பார்த்து வெறும் அழகாகக் கண்டு சப்புக்கொட்டும் ரசனையை இதயமற்றது என்று கண்டித்தார். அவரைவிட எனக்குப் பிடித்தவர்கள் மான்செஸ்டர் தொழிலாளர்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக யாரும் வராமல் தடுத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் குன்றின் மேல் நூற்றுக்கணக்கில் ஏறினார்கள். காவல்காரர்களோடு தள்ளுமுள்ளு, ஐந்து பேருக்குச் சிறை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் மக்கள் நடமாடும் உரிமைக்கும் சட்டம் வந்தது. 1951இல் அந்தக் குன்று இருக்கும் பகுதிதான் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. அவர்களும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், காட்சியைப் பற்றித்தான் பேசினார்கள். இந்த மலை யாருடையது, நாங்கள் ஏன் வரக் கூடாது என்பது அவர்களின் பேச்சு. அந்த ஆங்கிலத்தை நாம் ஏன் கற்றுக்கொடுப்பதில்லை?

நம் பக்கத்திலும் பார்க்கலாம். தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும்போது கருப்பொருள் என்று ஒரு பட்டியல் போடுகிறது. உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு அங்குள்ள மக்களின் தொழிலும் அதில் இருக்கிறது. பழையது என்பதற்காக நான் இதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அதே பட்டியலில் தெய்வமும் இருக்கிறது, அதை நான் ஏற்கவும் இல்லை. ஆனால் நிலம் என்றால் அங்கே வேலை நடக்கும், சோறு பொங்கும் என்று அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். சென்னையில் ஏறி மேட்டுப்பாளையம் போகும் பயணத்தில், உரையாடல் பயிற்சி மலை தெரிந்த பிறகுதான் தொடங்கும். பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் வீடுகள் காட்சிக் கணக்கில் சேராது. திருப்பூர்ப் பக்கத்து நொய்யல் ஆறு சேராது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டி 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குளமாக மாறி, அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய வயல்கள் பாழாயின. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போனது. ஓர் ஆறு என்ன நிறத்தில் ஓடியது, ஏன் அந்த நிறம், அந்த நிறத்தில் சாயமேறிய சட்டையை யார் எங்கே போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு மாணவரால் ஆங்கிலத்தில் சொல்ல முடிந்தால், அவருக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று நான் எழுதிக்கொடுப்பேன்.

"பயிற்சிக்குத்தானே, இதில் உண்மை பொய் பார்க்கலாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பயிற்சியே நடக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாக, உணராததை உணர்ந்ததாக நூறு தடவை சொன்னவர், நூற்றோராவது தடவை முதலாளி முன்னாலும் அதையே செய்வார். தோட்டத்து லயத்தில் பிறந்து, கல்லூரி முடித்து, இந்த வகுப்பில் வந்து உட்காரும் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அட்டை கடித்த தழும்பு அவள் அம்மாவின் காலில் இருக்கிறது. அவளும் 'லஷ் கிரீன் டீ கார்டன்ஸ், சோ பீஸ்ஃபுல்' என்று சொல்ல வேண்டும். வகுப்பிலேயே அந்தப் பொருளைப் பற்றி அதிகம் தெரிந்தவள் அவள். அவளுக்குத் தெரிந்ததை மறைக்கச் சொல்லி, தெரியாதவர்கள் எழுதிய வாக்கியத்தை அவள் வாயில் வைக்கிறோம். இது அவமதிப்பு. அவள் அதை நல்ல உச்சரிப்போடு சொன்னதற்காகப் பாராட்டுவது அதைவிடப் பெரிய அவமதிப்பு.

"தேர்வில் அப்படித்தான் கேட்கிறார்கள்" என்பது அடுத்த சமாதானம். செவிலியராகவோ மாணவராகவோ வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பேச்சுத் தேர்வு தெரியும். நடுப் பகுதியில் ஓர் அட்டை கொடுப்பார்கள். நீங்கள் பார்த்த அழகான இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுபோல இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம், பேச ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மதிப்பெண் நான்கு வகையில் வரும்: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. மெய்மறந்ததற்கு மதிப்பெண் கிடையாது. கடவுளுக்கு நன்றி சொன்னதற்கும் கிடையாது. உண்மையைச் சொல்வதால் அங்கே ஒரு புள்ளியும் குறையாது. மனப்பாடம் செய்தவருக்கு மூன்று பெயரடைகள் தீர்ந்ததும் வாய் அடைத்துப் போகிறது. மிச்ச நேரம் அப்படியே நிற்கிறது. கவாத்து எப்படிச் செய்வார்கள், எடைக் களத்தில் என்ன தகராறு வரும், லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு இரண்டு நிமிடம் போதாது.

"மனம் கனத்துப் போகாதா? ஊர் சுற்றப் போகிறவரை நிம்மதியாக விடுங்களேன்" என்று சிலர் உண்மையான கவலையோடு சொல்வார்கள். அறியாமையால் மட்டும் கிடைக்கும் நிம்மதியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தவிரவும், தெரிந்துகொண்டு பார்ப்பதால் மகிழ்ச்சி குறையும் என்பது தவறான பயம். பல்சக்கரம் பட்டையைக் கவ்வும் ஓசை எதற்கு என்று தெரிந்தவர் அந்தப் பயணத்தை இன்னும் உன்னிப்பாக அனுபவிக்கிறார். சோலைக்கும் தைலத்தோப்புக்கும் வித்தியாசம் தெரிந்தவர், எல்லாவற்றையும் 'பச்சை' என்று சொல்லிவிட்டுப் போனில் மூழ்குவதில்லை.

ஆங்கிலத்தால் இது முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. பி. எச். டேனியல் என்ற தமிழர், மருத்துவராக வால்பாறைத் தோட்டங்களில் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டவற்றை வைத்து 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' ஆக்கினார். ஆள்பிடிக்கும் மேஸ்திரி, தீராத முன்பணக் கடன், கொள்ளைக் காய்ச்சல் எல்லாம் அதில் இருக்கின்றன. பனியும் மலையும்கூட இருக்கின்றன. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகும் பேருந்தில் உட்கார்ந்து ஆங்கிலம் பழக விரும்புகிறவர் கையில் கொடுக்க, எந்த உரையாடல் ஏட்டையும்விட இது தகுதியானது.

வகுப்பில் புதிதாக ஒரு நாற்காலிகூட வாங்க வேண்டியதில்லை. அதே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மரங்களை யார் நட்டார்கள் என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கட்டும். எப்போது நட்டார்கள், அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று மற்றவர் தொடரட்டும். அதோ கொழுந்து பறிக்கிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்த வீடு என்ன ஆகும்? தெரியவில்லை என்று சொல்லவும் ஆங்கிலத்தில் பழகட்டும். நம் பிள்ளைகள் அதிகம் கூச்சப்படும் வாக்கியம் அதுதான். நிஜமான பயணத்தில், பக்கத்து இருக்கையில் கூடையோடு ஏறிய அம்மாவிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அடுத்த நாள் வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். இந்தக் கேள்விகளுக்கு இறந்தகாலம் வேண்டும், செயப்பாட்டுவினை வேண்டும், வினாவில் துணைவினை முன்னால் வந்து நிற்கும் அமைப்பு வேண்டும். மாணவர்கள் ஆங்கிலத்தில் திணறும் இடங்கள் இவைதான். இவற்றைப் பழகத்தான் பெற்றோர் கட்டணம் கட்டி அனுப்புகிறார்கள்.